இடுப்பு வலியும் ஒரு ஜோடிக் கையும்

இன்னைக்கு எபிசோடை ஒரு வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம். "இடுப்பு வலி."

நிறைமாத கர்ப்பிணி இருக்கிற வீட்டுல "இடுப்பு வலி வந்துடுச்சு"ன்னு ஒரு குரல் கேட்டா, யாரும் தைல பாட்டிலைத் தேட மாட்டாங்க. ஆட்டோவைத் தேடுவாங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கர்ப்பப்பை இருக்கிறது வயிற்றுல. சுருங்கி விரியறதும் அதுதான். அப்புறம் எதுக்கு அந்த வலிக்கு இடுப்புன்னு அட்ரஸ் எழுதி வெச்சிருக்கோம்? பேச்சுவழக்கு ஏதோ உத்தேசமா சொல்லுதுன்னு நினைக்கத் தோணும். நரம்பியல் கணக்குல பார்த்தா அது ரொம்பத் துல்லியமான அட்ரஸ். ஏன்னு பாதி எபிசோட்ல வந்துடும்.

இன்னைக்கு விஷயம், பிரசவ வலியில இருக்கிற ஒரு பெண்ணோட இடுப்பை, முதுகை, இன்னொருத்தர் கையால தேய்ச்சு விடுறது. மசாஜ். செலவே இல்லாத, மிகப் பழைய ஒரு விஷயம் பிரசவ அறையில இருந்து எப்படிக் காணாம போச்சு, எப்படித் திரும்பி வந்தது, முழுசா வந்துடுச்சா என்பதுதான் கதை.

ரெண்டு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. கோட் எழுதிப் பிழைக்கிற ஆள். இதை வரலாறாக் கேளுங்க, மருத்துவ ஆலோசனையா எடுத்துக்காதீங்க. அப்புறம், இது "ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க" வகை எபிசோடும் இல்லை. ஆஸ்பத்திரி உயிர்களைக் காப்பாத்தியிருக்கு. அதுல எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

ரோமில் மூன்று பெண்கள்

சுமார் 1,900 வருஷங்களுக்கு முன்னாடி, ரோமில் சொரானஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். பிறந்தது இன்றைய துருக்கியில் இருக்கிற எஃபேசஸ். ட்ராஜன், ஹேட்ரியன் என்ற பேரரசர்களின் காலம். அவர் பெண்களின் உடல்நலம் பற்றி கிரேக்க மொழியில் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. மருத்துவச்சிகளுக்கான கையேடு மாதிரியான நூல் அது.

பிரசவ அறையில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று அவர் ஒரு பட்டியல் போடுகிறார். எண்ணெய், வெந்நீர், பஞ்சு, துணி, பிரசவ நாற்காலி என்று போகிற அந்தப் பட்டியலில் மூன்று பெண்களும் வருகிறார்கள். இரண்டு பேர் பக்கவாட்டில், ஒருவர் பின்னால். இவர்களுக்குப் பிரசவ அனுபவம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வலியில் இருக்கிறவளின் பயத்தைத் தணிக்கத் தெரிந்தால் போதும். வலியைத் தணிக்க முதலில் கையைச் சூடாக்கித் தொட வேண்டும், பிறகு வெதுவெதுப்பான எண்ணெயில் நனைத்த துணியை வயிற்றின் மேல் வைக்க வேண்டும் என்கிறார்.

இதுல ஒரு சின்ன விஷயத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க. சூடான கை என்பது உத்தி. மூன்று பெண்கள் என்பது ஆட்கள். சொரானஸ் பட்டியலில் உத்தியும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். நம்ம கதை முழுக்க இந்த ரெண்டும் எங்கே பிரிஞ்சு போச்சு என்பதைப் பற்றித்தான்.

தடவுகிற கை, அழுத்துகிற கை

1882-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர் ஜார்ஜ் எங்கல்மன் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகத்தின் பல்வேறு சமூகங்களில் பெண்கள் எப்படிப் பிரசவிக்கிறார்கள் என்று மருத்துவர்கள், பயணிகள் எழுதிய குறிப்புகளைத் திரட்டிய தொகுப்பு. அந்தக் காலத்துக்கே உரிய ஆணவத்தோடு அவர்களை "பழங்குடி" என்று தலைப்பிலேயே கீழிறக்கி வைக்கிற புத்தகம்தான். ஆனால் உள்ளே இருக்கிற தகவல்கள் சுவாரசியமானவை. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இடங்களில்கூட, பிரசவிக்கிற பெண்ணின் மேல் இன்னொருவரின் கை இருந்துகொண்டே இருக்கிறது. மசாஜுக்கென்று தனி அத்தியாயமே உண்டு.

அந்த அத்தியாயத்தில் ரெண்டு வகைக் கையும் கலந்து வருது. ஒன்று, வலியைத் தணிக்கத் தடவுகிற கை. இன்னொன்று, குழந்தை சீக்கிரம் வெளியே வர வயிற்றின் மேல்பக்கத்தைப் பிடித்து அழுத்துகிற கை. ரெண்டாவது ஆபத்தானது. கர்ப்பப்பை கிழியக்கூட வாய்ப்பு இருக்கிறது. குழந்தையை வெளியேற்ற இப்படி அழுத்துவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. ஆஸ்பத்திரி, வீடு என்ற பேதமே இல்லாமல் இது பல நாடுகளில் நடந்து வந்திருக்கிறது. அதனால "பழசு எல்லாம் நல்லது"ன்னு ஒரே மூட்டையாக் கட்டிடக் கூடாது. நாம பேசப் போறது முதல் வகைக் கையைப் பற்றி மட்டும்.

மயக்கமும் மறதியும்

இப்போ எடின்பரோவுக்குப் போகலாம். 1847. ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மகப்பேறு மருத்துவர் அந்த வருஷம் ஜனவரியில் ஒரு பிரசவத்தில் ஈதர் கொடுத்துப் பார்த்தார். நவம்பரில் குளோரோஃபார்முக்கு மாறினார். பிரசவ வலியைப் போக்க மயக்க மருந்து என்ற யோசனையே அன்றைக்குப் பெரிய சர்ச்சை. ஆனால் 1853 ஏப்ரலில் விக்டோரியா மகாராணியே எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். கைக்குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முகரக் கொடுத்தவர் ஜான் ஸ்னோ. ஆமா, அடுத்த வருஷம் லண்டனில் காலரா பரவினப்போ, தண்ணீர் பம்பைக் கண்டுபிடிச்சு வரைபடம் போட்டாரே, அவரேதான்.

இதை ஒரு வில்லத்தனமான திருப்பமா சொல்ல எனக்கு இஷ்டமில்லை. மருந்து வேணும்னு பெண்கள் கேட்டார்கள். கேட்க அவர்களுக்கு முழு உரிமையும் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் க்ரோனிக், காவ்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் "அந்தித் துயில்" என்ற முறையைப் பிரபலமாக்கினார்கள். மார்ஃபினும் ஸ்கோபாலமைனும் சேர்ந்த ஊசி. 1914-ல் அமெரிக்காவின் மெக்ளூர்ஸ் பத்திரிகையில் அது பற்றிக் கட்டுரை வந்தது. உடனே அமெரிக்கப் பெண்கள் எங்களுக்கும் இது வேண்டும் என்று சங்கமே ஆரம்பித்தார்கள். அதில் பலர் வாக்குரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தவர்கள்.

பிரச்சினை அந்த மருந்து வேலை செய்த விதத்தில் இருந்தது. ஸ்கோபாலமைன் வலியைப் போக்காது. வலித்தது என்கிற ஞாபகத்தைத்தான் அழிக்கும். எஞ்சினியர் பாஷையில சொன்னா, எரர் அப்படியே ஓடிட்டு இருக்கு, லாக் ஃபைலை மட்டும் டெலீட் பண்றோம். மருந்தின் பிடியில் இருந்த பெண்கள் கத்தினார்கள், திமிறினார்கள். விழுந்துவிடாமல் இருக்க மெத்தை வைத்த தடுப்புக் கட்டிலில் போட்டார்கள், வாரால் கட்டினார்கள். வெளிச்சமும் சத்தமும் மருந்தைக் கலைத்துவிடும் என்று கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு வைத்தார்கள். காலையில் எழுந்தால் எதுவும் நினைவில் இருக்காது, பக்கத்தில் குழந்தை இருக்கும். சில குழந்தைகள் மார்ஃபின் தாக்கத்தால் மூச்சுவிடவே திணறின.

இந்தக் கட்டிலின் பக்கத்தில் அக்காவுக்கோ அம்மாவுக்கோ என்ன வேலை? முதுகு தேய்த்துவிட ஒருத்தி உட்கார்ந்திருக்க இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

கூடவே இன்னொரு மாற்றமும் நடந்தது. அமெரிக்காவில் 1900-ல் நூற்றுக்கு ஐந்து பிரசவம்கூட ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை. 1940-ல் பாதிக்கு மேல் அங்கேதான் நடந்தது. 1930-களின் பிற்பகுதியில் சல்ஃபா மருந்துகள் வந்தன. பிறகு பெனிசிலின், ரத்தம் ஏற்றும் வசதி. தாய்மார்களின் மரணம் வேகமாகக் குறைந்தது. மிகப் பெரிய வெற்றி அது. ஆனால் தொற்றுக்குப் பயந்தும், வேலை சுலபமாக நடக்கவும், குடும்பத்தார் எல்லாரும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். உள்ளே ஒரு நர்ஸுக்குப் பல படுக்கைகள். மசாஜ் பயனற்றது என்று எந்த ஆய்வும் சொல்லி யாரும் அதை நிறுத்தவில்லை. செய்யக்கூடிய ஆள் அறையில் இல்லாமல் போனதால் நின்றுபோனது.

1957 நவம்பரில் லேடீஸ் ஹோம் ஜர்னல் என்ற அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒரு வாசகர் கடிதத்தை வெளியிட்டது. எழுதியவர் ஒரு நர்ஸ். பிரசவ அறையில் நடக்கிற கொடுமைகளை விசாரியுங்கள் என்று கேட்டிருந்தார். பதிலாகக் கடிதங்கள் வந்து குவிந்தன. மணிக்கணக்கில் கை கால் கட்டப்பட்டுக் கிடந்ததை, கூப்பிட்டும் யாரும் வராததை, தனியாக விடப்பட்டதைத் தாய்மார்கள் எழுதினார்கள். 1958 மே மாதம் பத்திரிகை அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. வலியைப் பற்றி மட்டும் எழுதவில்லை அவர்கள். தனிமையைப் பற்றியும் எழுதினார்கள்.

லெனின்கிராடிலிருந்து நியூயார்க்குக்கு

இதே சமயத்துல இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் வேறொன்று நடந்துட்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சோவியத் யூனியனில் மயக்க மருந்துக்குத் தட்டுப்பாடு. ஹார்கிவ் நகரத்தைச் சேர்ந்த வெல்வோவ்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் பாவ்லோவின் கொள்கையை வைத்து மருந்தில்லாத ஒரு முறையை உருவாக்கினார்கள். மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும்னு படிச்சோமே, அந்தப் பாவ்லோவ். பிரசவம் என்றாலே வலி என்று மனம் பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தை மாற்றலாம் என்பது வாதம். 1951-ல் சோவியத் அரசு இதை நாடு முழுக்க அமல்படுத்த உத்தரவிட்டது.

அந்த முறையில் பாடமும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் இல்லை. சுருக்கம் வரும்போது அடிவயிற்றை விரல்நுனியால் மென்மையாகத் தடவுவது, இடுப்பின் பின்பக்கத்தைத் தேய்ப்பது, இடுப்பெலும்பின் குறிப்பிட்ட இடங்களை அழுத்துவது, இவையும் இருந்தன. அதாவது மருத்துவச்சிகளின் பழைய கைவேலை பாவ்லோவின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் திரும்ப நுழைந்தது.

1951-ல் ஃபெர்னான் லமாஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோவியத் யூனியனுக்குப் போனார். வயது அறுபது. லெனின்கிராடில் ஒரு பெண் மருந்தே இல்லாமல் அமைதியாகப் பிரசவிப்பதைப் பார்த்து அசந்துபோனார். பாரிஸ் திரும்பி, உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனையில் அந்த முறையைத் தொடங்கினார். அவருடைய ஏற்பாட்டில் முக்கியமான ஒரு வேலை இருந்தது: பயிற்சி பெற்ற ஒரு பெண், பிரசவம் முடியும்வரை தாயின் பக்கத்திலேயே இருந்து வழிகாட்டுவார். 1956-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த முறையில் தவறேதும் இல்லை என்று பேசினார். கம்யூனிஸ்ட் நாட்டுச் சரக்குக்கு வாடிகன் முத்திரை! பனிப்போர் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பாரிஸில் லமாஸிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட மார்ஜரி கார்மல் என்ற அமெரிக்கப் பெண் 1959-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 1960-ல் அவரும் எலிசபெத் பிங் என்ற பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து அமெரிக்காவில் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பிங்கின் கதை தனி எபிசோடுக்கே தாங்கும். பெர்லினில் பிறந்தவர். நாஜி ஜெர்மனியை விட்டு லண்டன் போய் பிசியோதெரபி படித்தவர். அந்தக் காலத்தில் குழந்தை பெற்ற பெண்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். அவர்களுக்கு மசாஜும் உடற்பயிற்சியும் கொடுக்கிற வேலையில்தான் பிரசவ உலகத்துக்குள் வந்தார். 2015-ல் நூறாவது வயதில் இறந்தார்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பாரிஸ் மாதிரி கூடவே இருக்கிற பயிற்சியாளருக்கு ஆள் இல்லை. அந்தக் காலி இடத்தில் யாரைப் போட்டார்கள்? கணவனை. மூச்சுக் கணக்கு எண்ணவும், முதுகு தேய்க்கவும் கணவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். காரிடாரில் சிகரெட்டோடு உலாத்திக்கொண்டிருந்த ஆண்கள் பிரசவ அறைக்குள் வந்த பாதைகளில் இதுவும் ஒன்று.

1965: கதவு

சரி, தேய்த்தால் ஏன் வலி குறைகிறது? இதுவரைக்கும் யாரும் சரியாகச் சொல்லவில்லை. பாவ்லோவ் விளக்கமும் பாதிக் கிணறுதான்.

1965 நவம்பரில் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால். வலியைப் பற்றிய சிந்தனையையே மாற்றிய கட்டுரை. அவர்கள் முன்வைத்த யோசனையின் பெயர் கதவுக் கட்டுப்பாடு.

கால் கட்டைவிரலை டீப்பாய் காலில் இடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க? யாரும் சொல்லித் தராமலேயே தேய்ப்பீங்க. ஏன்னா உடம்பில் இருந்து முதுகுத்தண்டுக்கு ரெண்டு வகை வயர் போகுது. மந்தமான, தொடர்ந்த வலியைக் கொண்டுபோகிற மெல்லிய நரம்பிழைகளில் சிக்னல் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் போகும். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகிற தடித்த இழைகளில் நொடிக்கு 30 மீட்டருக்கும் மேல். ரெண்டும் முதுகுத்தண்டில் ஒரே இடத்துக்கு வருகின்றன. அங்கே ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடுதல் சிக்னல் நிறைய வந்தால் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும். மூளைக்குப் போகிற வலி சிக்னல் குறையும். மூடியே விடும் என்று அர்த்தம் இல்லை. வால்யூமைக் குறைக்கிற மாதிரி.

இப்போ இடுப்பு வலிக்கு வருவோம். பிரசவத்தின் முதல் கட்டத்தில், கர்ப்பப்பையின் வாய் விரிகிறபோது, வலி சிக்னல்கள் முதுகுத்தண்டின் டி-10 முதல் எல்-1 வரையிலான பகுதிக்குள் நுழைகின்றன. அடிவயிறு, கீழ்முதுகு, இடுப்பு ஆகிய இடங்களின் தோலில் இருந்து வருகிற சிக்னல்களும் அதே பகுதிக்குத்தான் போகின்றன. ஒரே போர்ட், ரெண்டு டிவைஸ். எது அனுப்பியது என்று மூளைக்குத் துல்லியமாகத் தெரியாது. அதனால் கர்ப்பப்பையின் வலி இடுப்பில் தெரிகிறது. "இடுப்பு வலி" என்று நம்ம ஆட்கள் வைத்த பெயர் எவ்வளவு கச்சிதம் பாருங்கள்!

அதே காரணத்தால்தான் இடுப்பைத் தேய்த்தாலும் பலன் கிடைக்கிறது. வலி நுழைகிற அதே வாசலில் தொடுதலையும் அனுப்புகிறோம். குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப்பக்கம் திரும்பியிருந்தால் முதுகு வலி இன்னும் கடுமையாக இருக்கலாம். அப்போது தடவுவதைவிட, உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பின் நடு எலும்பில் அழுத்திப் பிடிப்பது பல பெண்களுக்கு இதமாக இருக்கும்.

மெல்சாக்–வால் வரைபடத்தில் இன்னொரு கோடும் உண்டு. மூளையில் இருந்து கீழே வருகிற கோடு. பயம், கவனம், பழைய அனுபவம் எல்லாம் அந்தக் கதவைத் திறக்கவோ சாத்தவோ முடியும். அவர்களுடைய மாதிரியின் பல நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தப்பட்டன. ஆனால் வலி என்பது ஒரே திசையில் போகிற வயர் இல்லை என்கிற அடிப்படை நிலைத்துவிட்டது. யாரோ ஒருவர் நம்பிக்கையோடு முதுகில் கை வைக்கும்போது, கீழே இருந்தும் மேலே இருந்தும் அந்தக் கதவை ஒரே நேரத்தில் தொடுகிறார்.

"வலியே இருக்காது" என்ற பொய்

இங்கேயே எபிசோடை முடிச்சா நல்லா இருக்கும். "பாட்டி வைத்தியம் அறிவியல்ல நிரூபணம்"னு தம்ப்நெயில்கூட போடலாம். ஆனா கதை அப்படி முடியலை.

லமாஸ் தன் முறைக்கு வைத்த பெயர் "வலியில்லாப் பிரசவம்". வலிக்கவே வலிக்காது என்று வாக்குக் கொடுத்தால், வலித்தவளை என்ன சொல்வது? லமாஸின் மருத்துவமனையில் பெண்களின் பிரசவத்துக்கு மிகச் சிறப்பு முதல் முழுத் தோல்வி வரை கிரேடு போட்டார்கள். கத்தியவள் ஃபெயில். கட்டிப்போட்ட காலம் போய் மார்க் போடுகிற காலம் வந்தது.

1981-ல் மெல்சாக்கும் சக ஆய்வாளர்களும் கனடாவின் மருத்துவ சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கதவுக் கோட்பாட்டின் அதே மெல்சாக். வலியை அளக்க 1975-ல் அவர் வெளியிட்ட மெக்கில் கேள்வித்தாளை வைத்து, பிரசவத்தில் இருக்கும் பெண்களிடமே வலியின் அளவைக் கேட்டார்கள். தேய்த்தால் ஏன் வலி குறையும் என்று விளக்கியவர், இப்போது இன்னொன்றையும் சொன்னார்: முன்கூட்டியே பயிற்சி எடுத்தவர்களுக்கு வலி கொஞ்சம் குறைகிறது, ஆனாலும் பிரசவம் கடுமையாகவே வலிக்கிறது. யாரையும் தேற்றவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. அளந்து சொன்னார். எபிடூரல் கேட்கிற பெண் எந்தப் பரீட்சையிலும் தோற்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

மசாஜ் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2018-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அலசலும் இதே தொனிதான். முதல் கட்ட வலியை மசாஜ் குறைக்கக்கூடும்; ஆனால் சான்றுகளின் தரம் குறைவு. வலி இருக்கும். வால்யூம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

பேசாமல் உட்கார்ந்திருந்தவர்

அப்படின்னா கையோட மதிப்பு அவ்வளவுதானா? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு ஆய்வுகள் வருது.

முதலாவது, குவாத்தமாலா நகரம், 1980. கூட்டம் நிரம்பிய ஓர் அரசு சமூகப் பாதுகாப்பு மருத்துவமனை. பிரசவ வார்டுக்குள் குடும்பத்தாருக்கு அனுமதி இல்லை. சோசா, கென்னல், க்ளாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலருக்கு மட்டும் துணையாக ஒரு பெண்ணை அனுப்பினார்கள். மருத்துவப் பயிற்சி இல்லாத, முன்பின் தெரியாத பெண். முதுகு தேய்ப்பது, கையைப் பிடித்துக்கொள்வது, பேசுவது, கூடவே இருப்பது, இதுதான் அவர் வேலை. சிக்கல் இல்லாமல் பிரசவித்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோது, துணை இருந்தவர்களுக்கு அனுமதியில் இருந்து பிரசவம் வரை சராசரி 8.8 மணி நேரம். துணை இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம்.

இன்னொரு எண்ணும் இருக்கு. சிக்கல் இல்லாத 20 பிரசவங்கள் கிடைக்க, துணை இருந்த குழுவில் 33 பேரைச் சேர்த்தால் போதுமாக இருந்தது. துணை இல்லாத குழுவில் 103 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. சின்ன ஆய்வுதான், இதை மட்டும் வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது.

அதனால் கென்னலும் க்ளாஸும் ஹூஸ்டனில் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். 1991-ல் முடிவு வெளியானது. இந்த முறை மூன்று குழுக்கள். முதல் குழுவுக்குக் கூடவே இருந்து தொட்டுப் பேசித் தேற்றுகிற துணை. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. நடுவில் ஒரு விசித்திரமான குழு: அறையின் ஒரு பக்கமாக ஒரு பெண் உட்கார்ந்து குறிப்பு எழுதுவார், தாயிடம் பேச மாட்டார், தொட மாட்டார். சும்மா இருப்பார்.

சிசேரியன் விகிதம் வழக்கமான குழுவில் 18 சதவீதம். துணை இருந்த குழுவில் 8 சதவீதம். அந்தச் சும்மா உட்கார்ந்திருந்தவரின் குழுவில்? 13 சதவீதம்.

யாரோ ஒருவர் விட்டுப் போகாமல் இருந்ததே ஏதோ செய்திருக்கிறது. அதற்கு மேல் அவர் பேசி, தொட்டு, முதுகு தேய்த்தால் இன்னும் அதிகம் செய்கிறது. 2017-ல் காக்ரேன் தொகுப்பு 17 நாடுகளைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைப் பார்த்தது. தொடர்ந்து துணை கிடைத்தவர்களுக்கு இயல்பான பிரசவத்துக்கான வாய்ப்பு அதிகம், சிசேரியன் குறைவு, பிரசவ நேரமும் சற்றுக் குறைவு.

சொரானஸின் மூன்று பெண்கள் ஞாபகம் இருக்கா? அனுபவம் தேவையில்லை, பயத்தைத் தணித்தால் போதும் என்றாரே! இந்தச் சோதனைகள் எல்லாம் அந்தப் பழைய பட்டியலைத்தான் எண்களோடு திரும்ப எழுதுகின்றன.

கதவுக்கு வெளியே நிற்கிற நாம்

2018-ல் உலக சுகாதார நிறுவனம் பிரசவகாலப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகளை வெளியிட்டது. தாய் தேர்ந்தெடுக்கிற ஒரு துணை கூடவே இருக்கட்டும் என்பது அதில் ஒன்று. வலிநிவாரணம் கேட்கிற ஆரோக்கியமான பெண்ணுக்கு அவள் விருப்பப்படி மசாஜ், வெந்நீர் ஒத்தடம் போன்றவை தரலாம் என்பது இன்னொன்று. எபிடூரலும் அதே பட்டியலில் இருக்கிறது. அதாவது கையா, ஊசியா என்று சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை.

நம்ம ஊருக்கு வருவோம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண். அதே ஆய்வில் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம். அதுக்கு நூறு காரணம் இருக்கு, தனிமை மேல மட்டும் பழி போட மாட்டேன். ஆனா பக்கத்துல வெச்சுப் பார்க்க வேண்டிய எண்.

செசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1990-களில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஏழைப் பெண்களின் பிரசவ அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தார். 2003-ல் அது புத்தகமாக வந்தது. வலியை அந்தப் பெண்கள் வெறும் துன்பமாகப் பார்க்கவில்லை, சக்தியாகவும் பார்த்தார்கள். வலியை ஏற்ற மருந்து கொடுப்பது சர்வசாதாரணமாக இருந்தது. வலியைத் தணிக்க மருந்து அரிதாகத்தான் கிடைத்தது. இன்னைக்கும் "வலி ஊசி போட்டாங்க" என்றால், வலி வருவதற்கான ஊசி என்றுதானே அர்த்தம்?

பிரசவத் துணை என்கிற திட்டம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2000-களின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகமும் அரசு மருத்துவமனைகளில் ஒரு பெண் துணையை அனுமதிக்கச் சொன்னது. 2017 டிசம்பரில் வந்த லக்ஷ்யா திட்டமும் துணையையும் தனிமறைவையும் வலியுறுத்துகிறது. ஆக, விதி இருக்கு. ஆனா வரிசையா பத்துக் கட்டில், நடுவுல திரைகூட இல்லாத அறையில, பத்துத் துணைகள் எங்கே நிற்பாங்க? ஒரு நர்ஸ் ஒரே நேரத்துல பல பேரைப் பார்க்கணும்னா, அவங்க கையில நேரம் எங்கே இருக்கு? அன்பா இருங்கன்னு போஸ்டர் ஒட்டினா இது சரியாகாது. திரை வேணும், நாற்காலி வேணும், ஆட்கள் வேணும். பட்ஜெட்டில் வர வேண்டிய விஷயங்கள்.

இதைக் கேட்டுட்டிருக்கிற உங்கள்ல பல பேர் இருபதுகள்ல, முப்பதுகள்ல இருக்கீங்க. அடுத்த சில வருஷத்துல நீங்களோ, உங்க மனைவியோ, அக்காவோ, தோழியோ அந்தக் கட்டிலில் இருக்கலாம். மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது பேக்கேஜ் எவ்வளவு, ஏசி ரூம் உண்டான்னு கேட்கிறோம். கூட ரெண்டு கேள்வி சேர்த்துக்கங்க: "வலி நேரம் முழுக்க அவங்க விரும்புற ஒருத்தர் கூட இருக்கலாமா?" "வலி தாங்கலைன்னா எபிடூரல் கிடைக்குமா?" ரெண்டுக்கும் தெளிவான பதில் வாங்கிக்கங்க.

துணையா உள்ளே போகிற வாய்ப்பு கிடைச்சா, பெரிய டெக்னிக் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம். எங்கே, எவ்வளவு அழுத்தணும்னு அவங்களே சொல்லுவாங்க. ஒரு சுருக்கத்துல இதமா இருந்தது அடுத்ததுல எரிச்சலா இருக்கலாம். "கையை எடு"ன்னா உடனே எடுத்துடுங்க. வயிற்றை அழுத்தாதீங்க. ரத்தப்போக்கு மாதிரி எது வித்தியாசமாத் தெரிஞ்சாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. மற்றபடி உள்ளங்கையைக் கொஞ்சம் சூடு பண்ணிக்கிட்டு, போனை சைலண்ட்ல போட்டுட்டு, அங்கேயே இருங்க.

அவ்வளவுதான் மக்களே இன்னைக்கு. உங்க வீட்டுப் பாட்டியோ அம்மாவோ பிரசவத்தப்போ அவங்க பக்கத்துல யார் இருந்தாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதிலைக் குரல் பதிவா அனுப்புங்க, அவங்க சம்மதத்தோட. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.